கிராஞ்சி ஓடையை அளப்பது எப்படி? நீர்மட்டம், நீரோட்டம்: முழுமையான வழிகாட்டி

அளவுகோல் 62 செ.மீ. காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே இரண்டு கேள்விகள் வரும். எங்கிருந்து 62? அந்த மட்டத்தில் விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது? முதல் கேள்விக்குப் பதில் தயாரிக்க ஒரு நாள் போதும். இரண்டாவதற்கு ஒரு மழைக்காலம் முழுக்கக் கரைக்கு நடையாய் நடக்க வேண்டும். உணர்கருவியை வாங்கி மாட்டியதும் வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது நீர்மட்டம் மட்டும். நீர்மட்டம் வேறு, நீரோட்டம் வேறு.

சிங்கப்பூரின் ஆறுகளில் பெரும்பாலானவை கான்கிரீட் கால்வாய்களாகிவிட்டன. ஆனாலும் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் பண்ணைகளுக்கும் புதர்க்காடுகளுக்கும் நடுவே மண்கரையோடு ஓடும் சிற்றோடைகள் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட, இரண்டு மூன்று மீட்டர் அகல ஓடையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். ஊரில் பெரிய ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாள்களாகும். இங்கே ஆண்டுக்குச் சுமார் 2,100 மி.மீ. மழை பெய்கிறது; அதில் பெரும்பங்கு குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை. கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் அரை மணி நேரத்தில் இடுப்பளவு வந்துவிடும். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. கான்கிரீட் கால்வாயை எடுத்துவிட்டு 2012ல் காலாங் ஆற்றை வளைந்து நெளிந்து ஓடவிட்டபோது, கூடவே நீர்மட்ட உணர்கருவிகளையும் எச்சரிக்கை விளக்குகளையும் ஒலி எச்சரிக்கையையும் வைத்தது இதனால்தான்.

படி 1: அனுமதி

ஓடை யார் பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வடிகாலும் கால்வாயும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. பூங்காவும் இயற்கை வனப்பகுதியும் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. மேற்கு நீர்ப்பிடிப்புப் பகுதியின் பெரும்பகுதி ராணுவப் பயிற்சிக்காகத் தடைசெய்யப்பட்ட இடம். அங்கே போகவே கூடாது. எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எந்த லோங்காங்கிலும் (வடிகாலிலும்) ஒரு திருகாணிகூட அடிக்காதீர்கள். விண்ணப்பத்தோடு ஓர் எளிய குறுக்குவெட்டுப் படம் வையுங்கள்: குழாயின் விட்டம், கரையிலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கும், எப்போது அகற்றுவீர்கள், அவசரத்துக்கு யாரை அழைப்பது. நீரோட்டத்தை மறிக்காது என்பது படத்திலேயே தெரிய வேண்டும்.

படி 2: இடம் தேர்வு

இடம் தவறினால் பிறகு எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. ஓடையின் அகலத்தைப்போல் ஐந்து மடங்காவது நேராக ஓடும் பகுதியைத் தேடுங்கள். பத்து மடங்கு கிடைத்தால் நல்லது. அடிமட்டம் உறுதியாக இருக்க வேண்டும். அளக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே தண்ணீரைக் கட்டுப்படுத்தும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்: பாறைத்திட்டு, சாலைக்கு அடியில் செல்லும் குழாயின் வாய், பழைய கான்கிரீட் படி. மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நிலையான உறவு ஏற்படுவது அந்தக் கட்டுப்பாட்டால்தான். இளகிய மணல் திட்டை நம்பினால் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கணக்கு மாறிவிடும்.

அடுத்த சோதனை கடல். இந்தத் தீவில் ஒரு நாளில் இரண்டு முறை ஓதம் ஏறி இறங்கும். ஓதம் எட்டும் இடத்தில் மழையே இல்லாமல் மட்டம் உயரும். சில நேரம் தண்ணீர் மேல்நோக்கிக்கூட ஓடும். கரையில் கண்டல் மரமோ நீப்பா பனையோ நின்றால் அதுவே முதல் எச்சரிக்கை. உறுதிப்படுத்த, மழையில்லாத ஒரு நாளில் 13 மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை மட்டத்தைக் குறியுங்கள். ஓர் ஓதச் சுற்று சுமார் 12 மணி 25 நிமிடம் என்பதால் ஏற்ற இறக்கம் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். கிராஞ்சி அணைக்கு உள்பக்கம் ஓதம் வராது. ஆனால் நீர்த்தேக்கத்தின் மட்டம் ஓடையின் கடைசிப் பகுதியைப் பின்னால் தள்ளும். அதுவும் அதே தொல்லைதான். இந்த இரண்டும் எட்டாத உயரத்துக்கு மேலே போய்விடுங்கள்.

படி 3: நிலைக்குறியும் அளவுகோலும்

பாலத்தின் தூணிலோ கான்கிரீட் சுவரிலோ அசையாத ஒரு புள்ளியை நிலைக்குறியாக வையுங்கள். அனுமதி இருந்தால் துருப்பிடிக்காத எஃகு போல்ட், இல்லையென்றால் ஏற்கெனவே உள்ள சுவரின் கூர்மையான விளிம்பு. ஒன்று போதாது, மூன்று வேண்டும். ஒன்று அசைந்தால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும்.

எனாமல் பூசிய, செ.மீ. பிரித்த ஒரு மீட்டர் தகட்டைச் செங்குத்தாகப் பொருத்துங்கள். சுழியத்தை ஓடையின் அடிமட்டத்துக்கும் 20, 30 செ.மீ. கீழே வையுங்கள். அடிமண் அரித்துப் பள்ளமானாலும் அளவு எதிர்மறைக்குப் போகாது. நிலைக்குறியிலிருந்து அளவுகோலுக்கு உயரத்தைக் கடத்தக் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். 10 மீ. தெளிவான குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பினால் சில மி.மீ. துல்லியம் கிடைக்கும். வெயில் படும் பக்கமும் நிழல் பக்கமும் நீரின் வெப்பம் வேறுபட்டால் மட்டம் பிசகும் என்பதால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

தேசிய உயர அளவோடு இணைக்க நினைத்தால் ஒரு சங்கதி. பழைய வடிகால் வரைபடங்களின் உயரங்களில் 100 மீ. கூட்டப்பட்டிருக்கும். 103.20 என்று கண்டால் ஓடை மலைமேல் இருப்பதாகப் பொருளில்லை. இன்றைய சிங்கப்பூர் உயர மட்டத்தில் அது 3.20 மீ.

அளவைப் படிக்கும்போது அலை இருந்தால் உச்சத்தையும் தாழ்வையும் பார்த்து நடுவை எழுதுங்கள். கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். கூடவே நிமிடம் வரை நேரம். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டால் பிறகு சந்தேகம் வந்தால் சரிபார்க்கலாம்.

படி 4: உணர்கருவி

மூன்று வகை உண்டு: நீருக்குள் கிடக்கும் அழுத்த வகை, மேலிருந்து பார்க்கும் மீயொலி வகை, ரேடார். பணம் இருந்தால் ரேடார் வாங்குங்கள். காற்றின் வெப்பம் அதைப் பாதிக்காது, தண்ணீரையும் தொடுவதில்லை. மற்ற இரண்டுக்கும் அதனதன் பிடிவாதம் உண்டு.

அழுத்த உணர்கருவி தன் தலைக்கு மேலுள்ள தண்ணீரோடு, அந்தத் தண்ணீருக்கு மேலுள்ள காற்றையும் சேர்த்தே எடை போடுகிறது. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் கூடினால் நீர்மட்டம் 1 செ.மீ. உயர்ந்ததாகச் சொல்லும். நிலநடுக்கோட்டுக்கு அருகே காற்றழுத்தம் நாள்தோறும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது: காலையும் இரவும் 10, 11 மணி வாக்கில் உச்சம், மாலையும் விடிகாலையும் 4, 5 மணி வாக்கில் தாழ்வு. வித்தியாசம் சுமார் 3, 4 ஹெக்டோபாஸ்கல். காற்றழுத்தத்தைக் கழிக்காத தரவை வரைந்து பார்த்தால், வறண்ட நாளிலும் அழகான அலை ஒன்று தெரியும், 3, 4 செ.மீ. உயரத்தில். அதைக் கண்டு ஓதம் வந்துவிட்டது என்று இடத்தையே மாற்றத் தோன்றும். பொறுங்கள். பத்து நாள் தரவை ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். ஓதமாக இருந்தால் உச்சம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். காற்றழுத்தமாக இருந்தால் அதே மணியில் நிற்கும். தீர்வு எளிது: கரையில் நிழலான இடத்தில் ஒரு காற்றழுத்தமானி வைத்து இரண்டையும் ஒரே நிமிடத்தில் பதிந்து கழித்துவிடுங்கள். அல்லது காற்றுக்குழல் உள்ள கம்பியோடு வரும் வகையை வாங்குங்கள். அதில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளை நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். இந்த ஈரப்பதத்தில் அது அடிக்கடி வரும் வேலை.

மீயொலி வகை ஒலியின் வேகத்தை நம்பியிருக்கிறது. 25 டிகிரியில் ஒலி விநாடிக்கு 346 மீ., 35 டிகிரியில் 352 மீ. உணர்கருவியிலிருந்து நீர் 3 மீ. கீழே இருந்தால், இந்தப் பத்து டிகிரியே சுமார் 5 செ.மீ. பிழை தரும். வெப்பத்தைத் திருத்தும் மாடல்களிலும் ஒரு குறை உண்டு: உள்ளே இருக்கும் வெப்பமானி அளப்பது வெயிலில் காய்ந்த பெட்டியின் சூட்டை, ஒலி போய்வருவதோ ஓடைக்கு மேலுள்ள குளிர்ந்த காற்றில். பாலத்தின் அடியில், நிழலில் மாட்டுங்கள். மிக அருகில் உள்ளதைப் படிக்க முடியாத குருட்டுத் தூரமும் இதற்கு உண்டு. மலிவான மாடல்களில் 20, 25 செ.மீ. வரை. வெள்ளத்தின் உச்சமட்டம் அந்தத் தூரத்துக்குள் வராதபடி உயரத்தைக் கணக்கிடுங்கள். இல்லையென்றால் மிக முக்கியமான நிமிடங்களில் குப்பை எண்களே வரும்.

அழுத்த உணர்கருவியை நேரடியாக ஓடையில் போடாமல் ஓர் அமைதிக் குழாய்க்குள் இறக்குங்கள். 100 மி.மீ. பிவிசி குழாய், கீழே மூடி, பக்கத்தில் துளை. துளையின் பரப்பு குழாயின் குறுக்குப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. இந்தக் குழாய்க்கு 10 மி.மீ. துளை ஒன்று அந்தக் கணக்குக்குச் சரியாக வரும். இலை அடைக்கும் என்பதால் வெவ்வேறு உயரத்தில் இரண்டு போடுங்கள். துளை சிறுத்தால் குழாய்க்குள் மட்டம் வெளியே உள்ளதைவிடத் தாமதமாக ஏறும். பெருத்தால் அலை உள்ளே வந்துவிடும். குழாயின் மேல்வாயைக் கொசுவலையோடு மூடுங்கள். மூடியின் குழிவிலோ பெட்டியின் மேல்விளிம்பிலோ தெளிந்த தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கிப் பரிசோதனைக்கு வரும் அதிகாரிக்கு அது ஆராய்ச்சிக் கருவி என்பது பதிலாகாது.

படி 5: பதிவும் மின்சாரமும்

இந்த ஓடைகளுக்கு 15 நிமிட இடைவெளி போதாது. உச்சம் நடுவிலேயே வந்து போய்விடும். 5 நிமிடம் வையுங்கள். இஎஸ்பி32 போன்ற சிறு மின்னணுப் பலகை, டிஎஸ்3231 கடிகாரச் சில்லு, நினைவட்டை ஆகியவை போதும். அந்தக் கடிகாரம் ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவுக்கே பிசகும்.

மின்கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை 10 விநாடி விழித்து 80 மில்லிஆம்பியர் எடுத்தால், நாளொன்றுக்குச் சுமார் 64 மில்லிஆம்பியர்-மணி. 3,000 திறனுள்ள பேட்டரி ஒன்றரை மாதம் தாங்க வேண்டும். நடைமுறையில் பத்துப் பதினைந்து நாளில் படுத்துவிட்டால், குற்றவாளி பெரும்பாலும் பலகையில் விடாமல் எரியும் சின்ன விளக்கும் மின்னழுத்தச் சீராக்கியும்தான். தூங்கும்போது பலகை எவ்வளவு இழுக்கிறது என்பதை மீட்டரில் அளந்த பிறகே கரைக்குக் கொண்டுபோங்கள்.

தரவை அனுப்பும் கருவியை ஊரிலிருந்து வாங்கிவருபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சிம்800 போன்ற 2ஜி மோடம் இங்கே வேலை செய்யாது; சிங்கப்பூர் 2ஜியை 2017லும் 3ஜியை 2024லும் நிறுத்திவிட்டது. 4ஜி வகையே வேண்டும். லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்குத் தரவு அனுப்பும் ரேடியோ) பலகைகளில் இந்தியாவுக்கானவை 865-867 மெகாஹெர்ட்ஸ், இங்கே 920-925. அலைவரிசை மாறியதை வாங்கிவிட்டு ஆன்டெனாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெட்டிக்குள் கம்பி நுழையும் இடம் அடிப்பக்கமாக இருக்கட்டும். கம்பியை ஒரு வளைவு தொங்கவிட்டு உள்ளே எடுத்தால் மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். இடுக்குகளை அடையுங்கள். எறும்புகள் வெதுவெதுப்பான மின்பெட்டியை விரும்பிக் குடியேறும்.

படி 6: நீரோட்டத்தை அளத்தல்

இனித்தான் உண்மையான உழைப்பு. ஓடைக்குக் குறுக்கே அளவுநாடாவை இழுத்துக் கட்டி, சம இடைவெளியில் ஆழம் எடுங்கள். எடுத்துக்காட்டாக 2.4 மீ. அகலம், 40 செ.மீ. இடைவெளி. ஆழங்கள் 0, 15, 28, 34, 26, 12, 0 செ.மீ. ஆழங்களைக் கூட்டினால் 1.15 மீ.; 0.4 மீ. இடைவெளியால் பெருக்கினால் பரப்பு 0.46 சதுர மீட்டர்.

வேகத்துக்கு எளிய வழி மிதவை. தோலோடு கூடிய ஆரஞ்சுப் பழம் அருமையான மிதவை: முக்கால்வாசி நீருக்குள் அமிழ்ந்து போவதால் காற்று தள்ளாது, நிறமும் கண்ணுக்குத் தப்பாது. 10 மீ. தூரத்தை இரு கயிறுகளால் குறித்து, முதல் கயிற்றுக்குச் சில மீட்டர் முன்பே விடுங்கள். கயிற்றை எட்டும்போது பழம் நீரின் வேகத்தைப் பிடித்திருக்க வேண்டும். இடது, நடு, வலது என ஒவ்வொரு தடத்திலும் மூன்று முறை. சராசரி 25 விநாடி என்றால் மேற்பரப்பு வேகம் 0.4 மீ. ஆனால் அடியில் நீர் மெதுவாகப் போகும். ஆகவே 0.85ஆல் பெருக்குங்கள்; கல்லும் களையும் நிறைந்த ஆழமில்லாத ஓடையில் இன்னும் குறைவான எண் வேண்டும். கிடைப்பது 0.34. பரப்போடு பெருக்கினால் 0.156 கன மீட்டர்: விநாடிக்கு 156 லிட்டர், தமிழ்நாட்டுச் செய்திகளின் கணக்கில் ஐந்தரைக் கன அடி. பழங்களைக் கீழே வலை பிடித்து எடுத்துவிடுங்கள்.

விசிறி வைத்த நீரோட்டமானி கிடைத்தால் துல்லியம் கூடும். ஆழம் 75 செ.மீ.க்குக் குறைவான இடத்தில் மேலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கில் ஒரே அளவு. அதற்கு மேல் என்றால் பத்தில் இரண்டிலும் எட்டிலும் எடுத்துச் சராசரி. ஒவ்வொரு புள்ளியிலும் 40 விநாடியாவது நில்லுங்கள். எந்த ஒரு துண்டும் மொத்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது. மேலே சொன்ன 40 செ.மீ. இடைவெளி மிதவைக்குப் போதும், இதற்கு 10 செ.மீ. வேண்டும். கருவிக்குக் கீழ்ப்பக்கம், ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், உங்கள் கால் ஓட்டத்தைக் கலைக்காதபடி.

நூல்போல ஓடும் தண்ணீருக்கு இதெல்லாம் உதவாது. அங்கே 90 டிகிரி வி வடிவத் தகடுதான் சரி. வெட்டின் அடிமுனைக்கு மேல் நீரின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் இரண்டரை அடுக்கை 1.38ஆல் பெருக்கினால் கன மீட்டரில் ஓட்டம் வரும். 10 செ.மீ. உயரத்துக்கு 4.4 லிட்டர், 20 செ.மீ.க்கு 24.7 லிட்டர். உயரத்தைத் தகட்டின் வாயில் அளக்கக் கூடாது, அங்கே நீர் சரியத் தொடங்கியிருக்கும். அந்த உயரத்தைப்போல் நான்கு மடங்கு தூரம் மேலே போய் அளக்க வேண்டும். தகடு ஓடையை மறிக்கும் என்பதால் தனி அனுமதி தேவை. உப்பு கரைத்து அளக்கும் முறையை இங்கே தவிர்த்துவிடுங்கள். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. நீங்கள் நிற்கும் ஓடை குடிநீராகப் போய்ச் சேரக்கூடியது.

இறங்குவதற்கு முன் ஒரு கணக்கு: ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை விநாடிக்கு மீட்டரிலும் பெருக்குங்கள். விடை 0.5ஐ எட்டினால் இறங்காதீர்கள். 1ஐ நெருங்கினால் பெரிய ஆளையும் சாய்த்துவிடும். பாசி படிந்த கான்கிரீட் கால்வாயில் எந்த ஆழத்திலும் இறங்க வேண்டாம். தனியாகப் போகாதீர்கள், ஒருவர் கரையில் நின்று மேற்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும் சுமத்ராக் காற்றுமழை அந்தத் திசையிலிருந்துதான் வரும். இடி கேட்டால் உலோகக் கம்பைக் கீழே போட்டுவிட்டு வெளியேறுங்கள். காலில் புண் இருந்தால் மூடாமல் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். சுங்கை பூலோ, கிராஞ்சி முகத்துவாரப் பக்கம் உவர்நீர் முதலைகள் உண்டு.

படி 7: மட்டத்தை ஓட்டமாக்கும் வளைகோடு

ஒவ்வொரு முறை ஓட்டம் அளக்கும்போதும் தொடக்கத்திலும் முடிவிலும் அளவுகோலைப் படித்து, நடு மட்டத்தை ஓட்டத்தோடு சேர்த்து எழுதுங்கள். 10 முதல் 15 அளவுகள் வேண்டும், அவை வறண்ட நாளிலிருந்து வெள்ளம் வரை பரவியிருக்க வேண்டும். வறண்ட நாளில் பதினைந்து முறை அளந்தாலும் வளைகோட்டின் ஒரு மூலைதான் கிடைக்கும்.

ஓட்டம் நின்றுபோகும் மட்டம் எது என்று கண்டுபிடியுங்கள். கீழே உள்ள பாறைத்திட்டின் தாழ்வான இடம் அளவுகோலில் 30 செ.மீ.க்கு நேராக இருந்தால், 62 செ.மீ. என்பது உண்மையில் 32 செ.மீ. நீர். இந்த மிச்சத்தை ஓட்டத்தோடு, இரண்டு அச்சும் மடக்கை (log) அளவில் உள்ள தாளில் குறித்தால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் விழும். கோட்டின் சாய்வு செவ்வக வாய்க்கு 1.5 அளவிலும் வி வடிவத்துக்கு 2.5 அளவிலும் இருக்கும். 3ஐத் தாண்டினால் ஓட்டம் நிற்கும் மட்டத்தைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள். கோடு வளைந்தாலும் அதே காரணமாக இருக்கலாம். அல்லது தண்ணீர் கரையைத் தாண்டிப் புல்வெளியில் பரவத் தொடங்கும் மட்டம் அங்கே இருக்கலாம்.

வெள்ள அளவுகளை எடுக்கப் பாலத்தின்மேல் நின்று கைத்தொலைபேசியில் காணொளி எடுங்கள். மிதந்து வரும் இலையும் குச்சியும் இரண்டு குறிகளுக்கு நடுவே எடுக்கும் நேரம் போதும். அளந்த உச்சத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் கோட்டை நீட்டி எண் சொல்லாதீர்கள். ஏறும் வெள்ளத்தில் ஓட்டம் அதே மட்டத்தில் இறங்கும்போது இருப்பதைவிடச் சற்று அதிகமாக இருக்கும் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள்: ‘ஏறுகிறது’, ‘இறங்குகிறது’.

படி 8: மழையோடு ஒப்பிடுதல்

அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை மழை அளவு கிடைக்கிறது. அருகிலுள்ள நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓடைக்கு வடியும் நிலம் 20 ஹெக்டர், ஒரு மழை 50 மி.மீ. என்றால், வானத்திலிருந்து விழுந்தது 10,000 கன மீட்டர். அந்த மழைக்கு உங்கள் வளைகோட்டின்படி ஓடிய மொத்த நீர் 12,000 என்று வந்தால், எங்கோ தவறு: வளைகோட்டின் மேல்பகுதி கூடுதலாகக் காட்டுகிறது, அல்லது வடிநிலத்தின் எல்லை தப்பு, அல்லது மழை நிலையத்தைவிட உங்கள் தலைக்குமேல்தான் அதிகம் கொட்டியிருக்கிறது. இந்தத் தீவில் ஒரு பக்கம் வெள்ளமும் மறுபக்கம் வெயிலும் இருப்பது வழக்கம் என்பதால், சொந்தமாக ஒரு மழைமானி வைப்பது நல்லது.

மாதம் ஒருமுறை அளவுகோலின் அளவையும் உணர்கருவியின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் மெல்லக் கூடிக்கொண்டே போனால் கருவி நகர்ந்திருக்கிறது அல்லது வண்டலில் புதைகிறது. சட்டென்று மாறினால் மரக்கட்டை மோதியிருக்கும். உணர்கருவி மழைக்குப் பிறகு ஒரே எண்ணில் நின்றுவிட்டால் துளை அடைத்திருக்கிறது; ஒரு வாளித் தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றி, மட்டம் ஓரிரு நிமிடத்தில் பழைய இடத்துக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். பெருவெள்ளத்துக்குப் பின் இரண்டு மூன்று புதிய ஓட்ட அளவுகள் எடுத்து, பழைய கோட்டிலிருந்து ஒரே பக்கமாக விலகினால், அடிமட்டம் மாறிவிட்டது. புதிய கோடு வரையுங்கள். பழைய கோட்டை அழிக்காமல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அது செல்லும் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள்.